புத்தகம் இல்லாமல் வென்றவரா சுல்தான் கான்?

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூருக்குத் தறியும் கபடியும் இரண்டு அடையாளங்கள். அங்கு வாழும் நண்பர் ஒருவரின் பத்து வயது மகன் ஓராண்டாகச் சதுரங்கம் பயில்கிறான். பயிற்சியாளர் நான்கு நூல்களின் பெயர்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவற்றின் மொத்த விலை இரண்டு மாதப் பயிற்சிக் கட்டணத்தை எட்டுகிறது. வாங்குவதா, வேண்டாமா என்று அந்த வீட்டில் ஒரு மாலை நேரம் முழுவதும் விவாதம் நடந்தது.

நண்பரின் தந்தை இளமையில் கபடி ஆடியவர். புத்தகம் படித்துப் பிடி போடக் கற்றவர் எவரும் இல்லை என்பது அவர் கட்சி. அவருக்குத் துணையாக, அங்கிருந்த உறவினர் ஒருவர் கைப்பேசியில் பார்த்த காணொலி ஒன்றை நினைவுகூர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாத இந்தியப் பணியாளர் ஒருவர், ஒரு நூலையும் தொடாமல் லண்டனுக்குப் போய் உலக மேதைகளைத் தோற்கடித்தார் என்பது அந்தக் காணொலியின் சாரம். அவர் பெயர் மீர் சுல்தான் கான்.

ஆட்ட நூல்களால் பயனில்லை என்று வாதிடும் எவரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் சுல்தான் கான்தான். ஆனால், அவருடைய வாழ்க்கையை முழுமையாகப் பார்த்தால், அது அந்த வாதத்துக்கு அவ்வளவு எளிதில் சாட்சி சொல்வதில்லை.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் மாகாணத்தின் சர்கோதா வட்டாரத்தில், மித்தா திவானா என்னும் ஊரில் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1903 என்று சிலரும் 1905 என்று சிலரும் குறிக்கின்றனர். ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். 

அவர் கற்ற சதுரங்கம் இன்று நம் பிள்ளைகள் கற்கும் சதுரங்கம் அன்று என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இரண்டு கட்டம் பாய முடியாது. கோட்டை கட்டும் நகர்வு கிடையாது. அதற்கு மாற்றாக ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். எல்லையை எட்டிய சிப்பாய் விரும்பியபடி ராணி ஆகிவிட முடியாது; எந்தக் காயின் கட்டத்தை அடைந்ததோ அந்தக் காயாகத்தான் மாறும். நம் ஊர்த் திண்ணைகளில் தாத்தாக்கள் ஆடிய ஆட்டமும் ஏறத்தாழ இந்த வகையைச் சேர்ந்ததே.

இந்த விதிகளால் ஆட்டத்தின் நடையே மாறுகிறது. தொடக்கத்தில் படைகள் மோதிக்கொள்வதில்லை. இரு தரப்பும் நிதானமாக அணிவகுத்த பிறகே போர். ஆகவே, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகத் தொகுக்கப்பட்டு வந்த தொடக்க நகர்வுகளின் அறிவு, இந்திய முறையில் ஆடியவருக்குத் தேவைப்படவே இல்லை. சுல்தான் கான் அதைப் படிக்காததற்கு முதற்காரணம் இதுதான். அவர் ஆடிய ஆட்டத்துக்கு அந்த நூல்கள் எழுதப்படவில்லை.

நூலே இல்லாத நாடு என்றும் இந்தியாவைச் சொல்ல முடியாது. 1814ஆம் ஆண்டிலேயே, திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி என்பவர் சமஸ்கிருதத்தில் எழுதிய சதுரங்க நூல் பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சேறியது. கற்பவர் தேர்ச்சி பெறுவதற்கு என்றே, காய்கள் நிற்கும் இக்கட்டான நிலைகளைத் தொகுத்துத் தந்த நூல் அது. சுல்தான் கான் பிறப்பதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

1920களின் நடுவில் பஞ்சாபின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பெயர் சுல்தான் கானுக்குக் கிடைத்தது. சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழார் அவரைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். ஐரோப்பிய விதிகளை அவர் கற்றது அந்த மாளிகையில்தான். 1928இல் அனைத்திந்தியப் போட்டியில் ஒன்பது ஆட்டங்களில் எட்டரைப் புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்றார். 1929 வசந்த காலத்தில் சர் உமர் லண்டன் சென்றபோது அவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

லண்டனில் அவருக்காக ஒரு சிறு பயிற்சிப் போட்டி ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் அவர் கடைசி இடத்தை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். மேதையைப் பற்றிய காணொலிகள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் செய்தி இது. இந்தியாவை வென்று வந்த ஒருவர், இங்கிலாந்தின் சில ஆட்டக்காரர்களிடையே கடைசியில் நின்றார்.

அந்தப் போட்டியில் அவருக்கு மேலே வந்தவர்களில் வில்லியம் வின்டர், பிரெட் யேட்ஸ் ஆகிய இருவர், அதன் பிறகு அவருக்குப் பயிற்சி அளித்தனர். சில மாதங்களே கழிந்தன. அதே ஆண்டு கோடையில் ராம்ஸ்கேட்டில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் பட்டப் போட்டியில் அனைவரும் வியக்கும்படி சுல்தான் கான் முதலிடம் பெற்றார்.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதே நம் கேள்விக்கான திறவுகோல். சில மாதங்களில் எவருடைய மூளையும் புதிதாக வளர்ந்துவிடாது. நிலைமையை எடைபோடும் திறனும் பொறுமையும் அவரிடம் முன்பே இருந்தன. இல்லாமல் இருந்தது தொடக்க நகர்வுகளின் அறிவு மட்டுமே. வின்டரும் யேட்ஸும் தங்கள் பயிற்சியில் அவருக்குத் தந்திருக்கக்கூடியது அதைத்தான். அவர்கள் அதைப் பெற்றதோ, பல தலைமுறை ஆட்டக்காரர்கள் எழுதி வைத்த ஆட்டங்களிலிருந்து. எனவே, சுல்தான் கான் புத்தகம் இல்லாமல் வென்றார் என்பதைவிட, புத்தகம் அவருக்கு வாய்மொழியாக வந்து சேர்ந்தது என்பதே பொருத்தம். ஓலைச்சுவடி அருகிக் கிடந்த காலத்தில் நம் திண்ணைப் பள்ளிகளில் நடந்ததும் இதுவே.

அவர் எழுத்தறிவு அற்றவர் என்ற கூற்றையும் அப்படியே ஏற்பதற்கில்லை. அவருடைய மகனும் பேத்தியும் அதைத் திட்டவட்டமாக மறுத்துள்ளனர். சமயப் பெரியவர்களின் மரபில் வந்த, சொந்த நிலம் இருந்த குடும்பம் தங்களுடையது என்றும், பணியாளர் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது என்றும் அவர்கள் எழுதினர். படிக்காத கீழ்த்திசை மாயாவி என்ற சித்திரம் அக்கால ஆங்கிலப் பத்திரிகைகளுக்குச் சுவையாக இருந்தது. இன்றைய காணொலிகளுக்கும் சுவையாகத்தான் இருக்கிறது.

ராம்ஸ்கேட் வெற்றிக்குப் பிறகு இந்தியா திரும்பிய அவர், 1930 மே மாதம் மீண்டும் இங்கிலாந்து வந்தார். அடுத்த மூன்றரை ஆண்டுகளே அவருடைய சர்வதேச வாழ்க்கை. பெல்ஜியத்தின் லீஜ் நகரில் டார்டகோவருக்கு அடுத்த இரண்டாம் இடம் பெற்றார். 1931இல் அதே டார்டகோவருடன் பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட நேருக்கு நேர் போட்டியில் ஆறரைக்கு ஐந்தரை என்ற கணக்கில் வென்றார். 1931 பிராக் ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் அமர்ந்து ரூபின்ஸ்டைனையும் ஃப்ளோரையும் தோற்கடித்தார். உலக சாம்பியன் அலெகினுடன் சமநிலை செய்தார். 1932, 1933 ஆண்டுகளில் மீண்டும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அக்காலத்தில் உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர் என்பது பின்னாளைய மதிப்பீடு.

எல்லாவற்றிலும் புகழ் பெற்றது, 1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் காப்பபிளாங்காவை அவர் வென்ற ஆட்டம். 65 நகர்வுகள் நீடித்த ஆட்டம் அது. அதன் ஐந்தாவது நகர்வில், பலகையின் இடது ஓரத்தில் இருந்த சிப்பாயை சுல்தான் கான் ஒரே ஒரு கட்டம் முன்னே தள்ளினார். பார்ப்பதற்குப் பயனற்ற நகர்வு. எதிரியின் காய் ஒன்று வந்து தன் குதிரையைக் கட்டிப்போடாமல் முன்கூட்டியே தடுப்பது அதன் நோக்கம். முதலில் அணிவகுப்பு, பிறகு போர் என்ற இந்திய ஆட்டத்தின் பழக்கம் அதில் தெரிகிறது.

அந்த நகர்வைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு உலக சாம்பியன் பெட்ரோசியான் முறையாகப் பயன்படுத்தினார். காஸ்பரோவ் அதைக் கூர்மையான ஆயுதமாக்கினார். நூல்களில் அது இன்று பெட்ரோசியான் பெயரால் அறியப்படுகிறது. நூல்கள் எல்லாவற்றையும் அறிந்தவை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. செல்லூர்ப் பெரியவரின் கட்சிக்கு வலுச் சேர்க்கும் செய்தி என்று இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், அதே வாழ்க்கையில் மறுபக்கமும் உண்டு. பல ஆட்டங்களில் தொடக்கத்திலேயே அவர் இடர்ப்பட்ட நிலைக்குத் தள்ளப்பட்டார். எதிராளி நூலறிவால் சில நிமிடங்களில் கடந்துவிடும் நகர்வுகளை, இவர் பலகையின் முன் அமர்ந்து தாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிறகு நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் மெல்ல மெல்ல மீண்டு வந்து வெல்வார். மீண்டு வர முடியாத நாள்களும் இருந்தன. நூலறிவு இல்லாத குறையை அவருடைய மேதைமை ஒவ்வொரு முறையும் தன் கையிலிருந்து செலவிட்டு ஈடுகட்டியது. இத்தகைய நிலையிலும் ஒருவர் சாம்பியன் ஆனார் என்றால் அது அசாதாரணமான மேதைமை என்று காப்பபிளாங்காவே பின்னர் எழுதினார்.

மேதைகளுக்கு உரிய விதியைச் சராசரிப் பிள்ளைகளுக்குப் பொருத்துவதில்தான் பிழை நேர்கிறது. எட்டு வயதில் கணக்குப் போட்டவரையும் தெரு விளக்கில் படித்தவரையும் காட்டி, வசதிகள் தேவையில்லை என்று சொல்லிவிடும் பழக்கம் நமக்கு நெடுநாளாக உண்டு. அவர்களோடு அதே விளக்கில் படித்து மேலே வர இயலாமற்போனவர்களை எவரும் கணக்கெடுப்பதில்லை.

நூல்களின் பயனை அளப்பதற்குச் சதுரங்கம் நல்ல தராசு; ஏனெனில் அதில் அதிர்ஷ்டம் மிகக் குறைவு. ஒவ்வொரு நகர்வும் பதிவாகிறது. எங்கே தவறினோம் என்பதை மறுநாள் காட்டிவிடலாம். போக்கர் போன்ற சீட்டாட்டங்களில் இது கடினம். நூலைப் பிழையறப் பின்பற்றியவர் ஒரு மாதம் முழுவதும் தோற்கலாம். ஒன்றும் அறியாதவர் அதே மாதத்தில் அள்ளலாம். நூல் உதவியதா, சீட்டு உதவியதா என்று ஆடியவருக்கே தெரியாது. அங்கும் ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரர் டாயில் பிரன்சன், தம் உத்திகளைத் தொகுத்து 1978இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். எதிராளிகள் அதைப் படித்துத் தேறிவிட்டதால் தமக்கு நேர்ந்த இழப்பை எண்ணி, பின்னாளில் அதற்காக வருந்தினார். நூலாசிரியரே வருந்தும் அளவுக்கு ஒரு நூல் வாசகருக்குப் பயன்பட்டிருக்கிறது. (நம் ஊரில் பணம் வைத்து ஆடிய இணையச் சீட்டாட்டம் குடும்பங்களைக் குலைத்த கதை தனி. அதற்கு எந்த நூலும் மருந்தாகாது.)

சுல்தான் கானிடம் திரும்புவோம். இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாக் காய்ச்சலும் தொண்டை நோயும் அடிக்கடி வாட்டின. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ஆட வந்து அமர்வார். முகத்தில் வெற்றியும் தெரியாது, தோல்வியும் தெரியாது.

1933இல் ஃபோக்ஸ்டோனில் நடந்த ஒலிம்பியாடின்போது அமெரிக்க அணியினரை சர் உமர் தம் இல்லத்துக்கு விருந்துக்கு அழைத்தார். தங்களுக்கு உணவு பரிமாறியவர் பிரிட்டிஷ் சாம்பியன் சுல்தான் கான் என்பதைக் கண்டு கூசிப்போனதாக, அந்த அணியைச் சேர்ந்த ரூபன் ஃபைன் பல ஆண்டுகளுக்குப் பிறகு எழுதினார். விருந்தினருக்கு வீட்டார் தம் கையால் பரிமாறுவது நம் நாட்டில் மரியாதையின் அடையாளம். ஃபைன் கண்டது பணிவிடையா, விருந்தோம்பலா என்று இன்று தீர்ப்புச் சொல்வது கடினம். அவர் புரவலரைச் சார்ந்து வாழ்ந்தார் என்பதில் மட்டும் ஐயமில்லை.

அந்தச் சார்பு விரைவிலேயே வெளிப்பட்டது. 1933 டிசம்பரில் சர் உமர் இந்தியா திரும்பினார்; சுல்தான் கானும் திரும்பினார். 1935இல் கதில்கர் என்பவருடன் பத்து ஆட்டங்கள் ஆடி ஒன்பதரைப் புள்ளிகள் பெற்றார். அதற்குப் பிறகு சர்வதேசச் சதுரங்கம் அவரைக் காணவில்லை. அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டிய பருவம். ஓர் ஆட்டக்காரரின் ஆற்றல் முதிர்ந்து கனியும் காலம்.

நூலா, இயல்பான திறனா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்க, இவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது இரண்டும் அல்ல. யாருடைய செலவில், எத்தனை ஆண்டுகள் ஆட முடிந்தது என்பதே தீர்மானித்தது. புரவலரின் கப்பல் கிளம்பிய நாளில் ஆட்டம் முடிந்தது. சோவியத் நாட்டில் அதே காலத்தில் அரசே சங்கங்களும் பயிற்சியும் நூல்களும் தந்து ஒரு தலைமுறையை உருவாக்கிக்கொண்டிருந்தது என்பதை ஒப்பிட்டால் இந்த இழப்பின் அளவு விளங்கும்.

அந்தச் சோவியத் வெளிச்சம் ஒருநாள் தமிழ்நாட்டுக்கும் வந்தது. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் மிகயில் தால் பெயரில் தொடங்கப்பட்ட சதுரங்கச் சங்கத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடப் பழகினார். அதற்குப் பின்புலமாக நின்றவர், 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மேனுவல் ஆரோன். 1988இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சுல்தான் கானுக்குக் கிட்டாத மூன்றும், அதாவது நூலும் ஆட்டத் தோழமையும் இடைவிடாத வாய்ப்பும், அந்தச் சங்கத்தில் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. நூலை மட்டும் பிரித்தெடுத்து, அதன் பங்கு எவ்வளவு என்று கேட்டால் விடை சொல்ல முடியாது. உப்பு மட்டும் குழம்பாகாது. அதற்காக உப்பில்லாமல் குழம்பு வைப்பாரும் இல்லை.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் முதன்முறையாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது, ரூபின்ஸ்டைன், டார்டகோவர், ஃப்ளோர் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருந்தனர். மூவரையும் வென்ற சுல்தான் கான் அதில் இல்லை. அவர் அப்போது சர்கோதா பகுதியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் கற்றுத்தரவில்லை என்றும், பயனுள்ள வேறு எதையாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் என்றும் கூறப்படுகிறது. 1966இல் காசநோயால் இறந்தார். 2024 பிப்ரவரியில்தான் கூட்டமைப்பு அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

அவர் ஒரு நூலும் எழுதவில்லை. இந்திய முறை ஆட்டத்தில் தாம் கண்ட நுட்பங்கள் என்ன, அவற்றில் எவை ஐரோப்பிய ஆட்டத்தில் பலித்தன, எவை பலிக்கவில்லை என்று இரண்டையும் உச்சத்தில் ஆடிய ஒருவரே சொல்லியிருக்க முடியும். அவருடைய இளமைக்கால இந்திய ஆட்டங்கள் பதிவாகவில்லை. இன்று நாம் காணும் சுல்தான் கான், ஐரோப்பியப் போட்டிகளின் பதிவேடுகளில் எஞ்சிய சுல்தான் கான் மட்டுமே. ஆர்.என். கோல்ஸ் என்னும் ஆங்கிலேயர் அந்த ஆட்டங்களைத் திரட்டி 1965இல் நூலாக்கினார். நூலைத் தொடாதவர் என்று புகழப்படுபவரை நாம் அறிவதும், அவருடைய காணொலிகள் உருவாவதும் அந்த அச்சுப் பக்கங்களின் தயவால்தான்.

இவற்றையெல்லாம் செல்லூர் நண்பரிடம் சொன்னபோது, அப்படியானால் நான்கு நூல்களையும் வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தொடக்க நகர்வுகள் பற்றிய இரண்டை இப்போதைக்கு ஒதுக்கலாம். பத்து வயதுப் பையன் அவற்றை மனப்பாடம் செய்வான், எதிராளி வேறு நகர்வு செய்த உடனே திகைத்து நிற்பான். இறுதி ஆட்டம் பற்றிய ஒன்றையும், மேதைகளின் ஆட்டங்களை விளக்கும் ஒன்றையும் வாங்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதும். பக்கத்தைக் கண்ணால் படிக்காமல், பலகையில் காய்களை நகர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த நகர்வைக் கையால் மறைத்துவிட்டு, என்னவாக இருக்கும் என்று அவனையே ஊகிக்கச் சொல்லுங்கள். எதிரில் உட்கார ஆள் வேண்டும் என்றால் தாத்தாவை உட்கார வையுங்கள் என்றேன்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தின் நகர்வுகளைப் பயிற்சியாளர் அச்செடுத்துக் கொடுத்திருந்தார். பையன் அதைப் பார்த்துக் காய்களை நகர்த்திக்கொண்டிருந்தான். ஐந்தாவது நகர்வு வந்தது. ஓரத்துச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போனது. பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அது ஏன் என்று பேரனைக் கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. இருவரும் பலகையின்மேல் குனிந்தார்கள்.